நீ சாட்சியில் சொல்லாத சனிக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமன் எழுதுவது. ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனையில் போதகர் ஐயா ஸ்தோத்திர காணிக்கைகளை வாசித்தார். பேரப்பிள்ளை பிறந்ததற்கு ஒரு வீட்டார், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு ஒரு வீட்டார், அப்புறம் உன் அப்பா: "இருங்காட்டுக்கோட்டை பைக் பந்தயத்தில் மகனுக்கு மூன்றாம் இடம் தந்த கர்த்தருக்கு நன்றியாக ரூபாய் 1000." சென்னைப் பக்கத்துப் பந்தயத் தடம் அது. எல்லாரும் திரும்பி உன்னைப் பார்த்தார்கள். நீ எழுந்து சாட்சி சொன்னாய். "கர்த்தர் எனக்கு ஜெயம் கொடுத்தார், நான் ஓட்டுவது அவருக்காகத்தான்" என்றாய். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் தொண்டை அடைத்தது.

ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரே உறுத்தல். அந்தப் பந்தயத்தில் உனக்குப் பின்னால் வந்த பையன்களிலும் ஜெபம் பண்ணியவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் சபையில் போய் என்ன சாட்சி சொல்வார்கள்? நீ சொல்லியிருக்க வேண்டியது அதற்கு முந்தின ரவுண்டின் சனிக்கிழமையை. அதை எழுதட்டுமா என்று கேட்டேன், "உங்க இஷ்டம் மாமா" என்றாய். சரி, எழுதுகிறேன். நம் சபையிலேயே வண்டிப் பைத்தியம் பிடித்த பையன்கள் நாலைந்து பேர் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து போகிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

அன்று காலை குவாலிஃபையிங்கில், அதாவது பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்று நேரம் வைத்து முடிவு செய்கிற ஓட்டத்தில், உனக்கு இரண்டாவது நேரம். போனில் அப்படிக் கத்தினாய். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் போன். குரல் இறங்கியிருந்தது. "மாமா, வண்டி நேற்றைவிட நல்லா இழுக்குது. ஸ்ட்ரெயிட் முடியும்போது நாக்கிங் சத்தம் கேக்குது. ஹெட்டுல கை வச்சிருப்பாங்களோ?" கழற்றிப் பார் என்றேன். ஹெட்டை இறக்கி வெர்னியர் வைத்து அளந்தாய். அரை மில்லி குறைந்திருந்தது.

படிக்கிற பையன்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். சிலிண்டர் ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவினால் பெட்ரோல் எரிகிற இடம் சின்னதாகும், கம்ப்ரஷன், அதாவது உள்ளே அழுத்தம், ஏறும், வண்டி கூடுதலாக இழுக்கும், எஞ்சினுக்குள் தட்டுகிற மாதிரி நாக்கிங் சத்தமும் வரலாம். நீ ஓடிய பிரிவில் ஹெட்டைத் தொடவே கூடாது என்பது விதி. உன்னிடம் சொல்லாமல் யாரோ தொட்டிருந்தார்கள். "முதல் மூணு இடத்துக்குள்ள வந்தாத்தான் எஞ்சினைப் பிரிப்பாங்க, நீ நாலாவதா வா, பாயின்ட்ஸ் கிடைக்கும்" என்று டீமில் ஒருவர் உன் தோளில் கை போட்டுச் சொன்னாராம்.

நீ அந்த ஹெட்டை ஒரு பழைய பனியன் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, வண்டிகளைப் பரிசோதிக்கிற அதிகாரிகளிடம் நேராக நடந்து போனாய். உன் நேரத்தை ரத்து செய்தார்கள். ஞாயிறு பந்தயம் உனக்கு இல்லை. டீமும் உன்னை அதோடு விட்டுவிட்டது. நடுராத்திரி சேலம் அஞ்சு ரோட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கினாய். ஹெல்மெட் பையை மடியில் வைத்துக்கொண்டு என் பின்னால் உட்கார்ந்து வந்தாய். வழியெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. வீட்டு வாசலில் இறங்கியபோதுதான், "நான் செஞ்சது சரிதானே மாமா?" என்று கேட்டாய். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அன்றைக்கே வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கடனைத்தான் இப்போது தீர்க்கிறேன்.

உன் அறைச் சுவரில் பிரேசில்காரர், ஃபார்முலா ஒன் கார் பந்தய வீரர் அயர்டன் சென்னாவின் படம் இருக்கிறது. அவர் விசுவாசத்தைப் பற்றி நீ என்னிடம் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறாய். நானும் தேடிப் படித்தேன். 1988-இல் ஜப்பானில் முதல்முறை உலக சாம்பியன் ஆன நாளில் தேவனைக் கண்டேன் என்று சொன்னவர். அதே ஜப்பானில், 1990-இல், முதல் வளைவிலேயே பட்டத்துக்குப் போட்டியாக இருந்த அலைன் ப்ராஸ்டின் காரில் மோதி இரண்டு பேரையும் பந்தயத்தை விட்டு வெளியேற்றி சாம்பியன் பட்டத்தை எடுத்துக்கொண்டார். வேண்டுமென்றேதான் மோதினேன் என்று அடுத்த வருடம் அவரே ஒப்புக்கொண்டார். கடவுளை நம்புவதால் தனக்கு ஒன்றும் ஆகாது என்று சென்னா நினைக்கிறார், அது மற்றவர்களுக்கு ஆபத்து என்று ப்ராஸ்ட் அதற்கு முன்பே சொல்லியிருந்தார். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் அதையே உன் வாயால் கேட்டிருக்கிறேன்.

ஞாபகம் இருக்கிறதா? நீ பிளஸ் டூ. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை இருபது கொண்டை ஊசி வளைவையும் எத்தனை நிமிடத்தில் இறங்குகிறாய் என்று போனில் நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு நாள் நான் பின்னால் வந்தேன், உனக்குத் தெரியாது. ஒரு வளைவில் கவர்மென்ட் பஸ் மேலே ஏறி வந்தது. பஸ் அந்த வளைவில் திரும்ப வேண்டுமானால் ரோடு முழுவதும் அதற்கு வேண்டும், அது உனக்கே தெரியும். நீ பஸ்ஸுக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் நுழைந்தாய். சுவர் ஓரமாக விறகுக்கட்டோடு ஒரு அம்மா நின்றிருந்தாள். உன் ஹேண்டில் பார் பட்டு விறகு சரிந்தது. நீ நிற்கவில்லை. நான் இறங்கி விறகைப் பொறுக்கிக் கொடுத்தேன். அந்த அம்மாவுக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் கேட்டபோது, "கர்த்தர் காப்பார் மாமா" என்றாய். சாவியைப் பிடுங்கி இரண்டு மாதம் வைத்திருந்தேன். தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, குதி, தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்று ஆண்டவரிடம் சொன்னது யார் என்று மட்டும் உன்னைக் கேட்டேன்.

அதே சென்னா 1992-இல் பெல்ஜியத்தில், பயிற்சி ஓட்டத்தில், எரிக் கோமாஸ் என்ற ஓட்டுநர் மோதி நினைவிழந்து கிடந்ததைப் பார்த்துத் தன் காரை நிறுத்தினார். மற்ற கார்கள் பறந்துகொண்டிருந்த தடத்தில் இறங்கி ஓடினார். கோமாஸின் எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது, எந்த நேரமும் தீப்பிடித்திருக்கலாம். அதை அணைத்து, உதவி வரும்வரை அவர் தலை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார். உன் சுவரில் இருக்கிற படத்துக்குப் பதிலாக இந்தப் படம் கிடைத்தால் ஒட்டு.

உன் டேங்கில் வசனம் எழுதலாமா என்று கேட்டாயே, எழுது. இன்னொரு பிரேசில் ஓட்டுநர் அலெக்ஸ் ரிபெய்ரோ எழுபதுகளிலேயே இயேசு இரட்சிக்கிறார் என்று காரில் எழுதி ஓட்டினார். பிற்காலத்தில் அவர் ஃபார்முலா ஒன்னில் மருத்துவ காரை ஓட்டினார், அடிபட்டவர்களிடம் டாக்டரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. எனக்கு அந்த இரண்டாவது செய்திதான் ரொம்பப் பிடித்திருக்கிறது.

விசுவாசிக்கு இந்த விளையாட்டு தகுமா என்று மூப்பர் ஒருவர் என்னைக் கேட்டார். பவுல் கொரிந்தியருக்கு எழுதியதில் நம் தமிழ் வேதாகமத்தில் "பந்தயச்சாலை" என்றே ஒரு சொல் இருக்கிறது, ஐயா, என்றேன். அவர் சிரித்தார். ஆனால் அவர் பயம் நியாயமானது. 2023-இல் மட்டும் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் இரண்டு உயிர் போனது. அதில் ஒருவன் பதின்மூன்று வயதுப் பையன். நீ ஓடுகிற ஒவ்வொரு ஞாயிறும் பந்தயம் முடிந்தது என்று போன் வரும்வரை அக்கா முழங்காலில்தான் இருக்கிறாள். அவளிடம், கர்த்தர் நம் பிள்ளையை விழவிடமாட்டார் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. 1994 மே 1-ஆம் தேதி காலையில் சென்னா வேதம் வாசித்தார் என்று அவருடைய அக்கா சொன்னார். அன்று மதியம் இமோலாவில் போய்விட்டார், முப்பத்து நான்கு வயதில். தேவனுடைய அன்பை விட்டு என்னை எதுவும் பிரிக்க முடியாது என்று அவர் கல்லறையில் பொறித்திருக்கிறது. விழமாட்டேன் என்று அதில் இல்லை. அக்காவிடம் நான் சொல்வதும் அவ்வளவுதான், சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் நானும் முழங்கால் போடுகிறேன்.

மூன்றாம் இடம் வாங்கிய வண்டியின் எஞ்சினை நீயும் நானும் நம் கடையில் ராத்திரி உட்கார்ந்து கட்டினோம். பந்தயம் முடிந்து அதைப் பிரித்து அளந்தபோது நீ ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாய் என்று கூட வந்த பையன் சொன்னான். கை நடுங்காமல் குடித்தானா என்று கேட்டேன். ரெண்டு டீ குடிச்சான் அண்ணா என்றான்.

நேற்று நானும் ஒரு காணிக்கை கவர் வாங்கினேன். உன் அப்பா போட்ட அதே ஆயிரம் ரூபாய். மேலே இப்படி எழுதியிருக்கிறேன்: "மருமகன் பந்தயம் ஓடாமல் திரும்பி வந்த சனிக்கிழமைக்காக." வரும் ஞாயிறு எட்டு மணி ஆராதனையில் வாசிப்பார்கள். பெஞ்சில் உனக்கு இடம் பிடித்து வைக்கிறேன், லேட்டாக வராதே.

உன் மாமன்