சீட்டுக் கணக்கு

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்.

அன்புள்ள ராஜு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகள் நிதியியலில் முனைவர் பட்டத்துக்குப் போகட்டுமா, வங்கித் தேர்வு எழுதட்டுமா என்று கேட்டிருக்கிறாய். முப்பது வருடம் அந்தப் பாடத்தை நடத்தியவன் என்ற மரியாதையில் என்னைக் கேட்கிறாய். என் ஆய்வின் கதையைக் கேட்டால் அந்த மரியாதை நிற்குமா தெரியவில்லை.

பழைய விலைகளைப் பார்த்து நாளைய பங்கு விலையைச் சொல்ல முடியாது என்பார்கள். 1970இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஃபாமா எழுதிய கட்டுரை அதற்கு வேதம் மாதிரி. அது பம்பாய்ச் சந்தைக்குப் பொருந்துமா என்று பார்த்ததுதான் என் ஆய்வு. நூலகத்தில் பழைய பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்து, அந்தச் சந்தையின் குறியீடான சென்செக்ஸின் முடிவுப் புள்ளிகளை நோட்டில் எழுதி எழுதியே இரண்டு வருடம் போனது. தூசியில் பிடித்த தும்மல் இன்னும் விடவில்லை. கண்டுபிடித்தது என்ன? ஓரளவு பொருந்துகிறது, ஓரளவு பொருந்தவில்லை. 2013இல் ஃபாமாவுக்கும், அதை மறுத்து அவரோடு மோதிக்கொண்டிருந்த ஷில்லருக்கும் ஒரே மேடையில் நோபல் பரிசு கொடுத்தார்கள். என் முடிவும் அதேதானே என்று வகுப்பில் சொல்லிச் சிரித்தேன்.

அந்த இரண்டு வருடமும் நான் குடியிருந்தது இதே தெருவில்தான். எதிர் வீட்டில் கொலுசுப் பட்டறை. அதன் திண்ணையில் மாதம் ஒரு நாள் ஏலச்சீட்டு நடக்கும். நானும் ஒரு சீட்டுப் போட்டிருந்தேன். அதில் ஆராய என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

தோன்ற வைத்தவள் ஒரு மாணவி. நிகழ்கால மதிப்பு, அதாவது பின்னால் வரும் பணத்துக்கு இன்று என்ன மதிப்பு என்ற பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் எப்போதும் ஒரு கம்பெனி ஒரு இயந்திரம் வாங்கும். அவள் எழுந்து, “ஐயா, எங்கள் அம்மா சீட்டுத் தள்ளி எடுத்தார்கள். அது என்ன வட்டி?” என்றாள். அம்மா கொலுசுக்கு மெருகு போடும் கூலி வேலை செய்பவர். இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. முதல் மாதம் சீட்டு நடத்துபவருக்கு. இரண்டாம் மாத ஏலத்தில் அம்மா 30,000 தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, 70,000 வாங்கியிருக்கிறார். தள்ளியதில் நடத்துபவர் கமிஷன் 5,000 போக மீதி 25,000, ஆளுக்கு 1,250 கழிவு. பின்னால் தள்ளு சீராகக் குறைந்துகொண்டே போகும் என்று வைத்துக்கொண்டு கரும்பலகையில் கணக்குப் போட்டோம். மாதம் இரண்டரை வட்டிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. என் முப்பது வருடத்தில் அப்படி நடந்தது அன்று ஒரு நாள்தான்.

“இவ்வளவு வட்டிக்கு ஏன் எடுத்தார்கள்?” என்று ஒருவன் கேட்டான். “வங்கியில் சம்பளச் சான்று கேட்டார்கள்” என்றாள். வங்கிக்காரனான நீயும் எத்தனை பேரிடம் அதைக் கேட்டிருப்பாய்! திண்ணையில் உட்கார்ந்து சீட்டு நடத்துபவருக்குச் சான்று தேவையில்லை. யார் வேலைக்கு ஒழுங்காக வருகிறார், யார் குடிக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி.

அன்றிரவு அகெர்லாஃப் என்ற பொருளியலாளரின் கட்டுரையை எடுத்துப் படித்தேன். அதுவும் 1970தான். விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாது என்ற பழைய கார் உதாரணத்துக்காக எல்லாரும் படிப்பது. மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பியது, பிற்பாடு 2001இல் நோபல் வாங்கித் தந்தது. (என் கட்டுரை ஒன்றையும் மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பின. ஒற்றுமை அத்தோடு சரி.) அதில் நம் நாட்டு வட்டிக்கடைக்காரரைப் பற்றியே ஒரு பகுதி இருக்கிறது. ஊர்க்காரருக்கு ஆளைத் தெரியும். வெளியூரிலிருந்து குறைந்த வட்டிக்குக் கொடுக்க வருபவரிடம் திருப்பித் தராதவர்களே வந்து சேருவார்கள் என்கிறார். எம்.காம். படிக்கும்போது தேர்வுக்கு வராது என்று நான் தாண்டிப் போன பக்கங்கள் அவை.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வு மாணவருக்கு அரசு தரும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 வரும். உன் கையை எதிர்பார்க்க வேண்டாம். கிடைக்காவிட்டால் வங்கித் தேர்வே மேல் என்பது என் கருத்து. நெறியாளரைப் பார்த்துச் சேரச் சொல், கல்லூரியின் பெயரைப் பார்த்து அல்ல. பணம் கட்டினால் இரண்டு நாளில் கட்டுரையை ஏற்றுக்கொள்ளும் இதழ்கள் உண்டு. ஒன்றில் நானும் ஏமாந்து பணம் கட்டியிருக்கிறேன், வெளியே சொல்லாதே. சென்செக்ஸைத் தவிர எந்தத் தலைப்பு எடுத்தாலும் எனக்குச் சம்மதம்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி எதிர் வீட்டுத் திண்ணையில் ஏலம். முதல் நாளே அவளை அனுப்பு. ஏற்காட்டுக் காப்பி போட்டுக் கொடுத்துக் கூட்டிப் போகிறேன். ஏலம் முடியும்வரை வாயை மட்டும் திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பு. போன தடவை வேடிக்கை பார்க்க வந்த என் மைத்துனர் தெரியாமல் ஒரு தொகையைச் சொல்லிவிட்டார். அந்தச் சீட்டை நான்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன்,
சுந்தரம்