சனிக்கிழமை படம் போடுறவங்களுக்கு: எங்க பாட்டி கேட்ட கேள்வி

வணக்கம். மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை பழைய துப்பறியும் படம் போடுற அண்ணன், அக்கா எல்லாருக்கும் இந்த மடல். காசு வாங்காம கச்சாங் பூத்தேயும் (கடலை, பருப்பு நொறுக்குத் தீனி) குடுத்து படம் காட்டுறீங்க, அதனால இதை சண்டைன்னு எடுத்துக்காதீங்க.

போன தடவை தி லெட்டர் போட்டீங்கல்ல, 1940ல வில்லியம் வைலர் எடுத்தது, அதுக்கு பாட்டியை கூட்டிட்டு வந்தேன். நாப்பது வருசம் தோட்டத்துல ரப்பர் பால் வெட்டுன மனுசி. ஆரம்பமே ரப்பர் மரம், நிலா வெளிச்சம், பால் சொட்டு சொட்டா விழுது, ஆளுங்க தூளியில படுத்து தூங்குறாங்க, திடீர்னு துப்பாக்கிச் சத்தம், கதாநாயகி பெட்டி டேவிஸ் படியில இறங்கிக்கிட்டே சுட்டுத் தள்ளுது. ஹாலே மூச்சு விடல. பாட்டி மட்டும் சத்தமா, "ராத்திரியில எவன்டா பால் வெட்டுனான்?"னு கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சீங்க, நானும்தான். வீட்டுக்கு வந்து யோசிச்சா அதுதான் சரியான துப்பறியும் கேள்வி. விடியக்காலை குளிர்ல வெட்டுனாத்தான் பால் நல்லா ஓடும், வெயில் ஏறுனா நின்னுடும். கலிபோர்னியாவுல செட் போட்டவங்க பக்கத்துல கேக்குறதுக்கு ஒரு பால்வெட்டுக்காரர் இல்ல போல.

இத்தனைக்கும் அது நம்ம நாட்டுக் கதை. 1911ல கோலாலம்பூர்ல ஈத்தல் பிரவுட்லாக்னு ஒரு ஹெட்மாஸ்டர் பொண்டாட்டி ஈயச் சுரங்க மேனேஜர் ஒருத்தரை சுட்டாங்க, தூக்குன்னு தீர்ப்பாச்சு, சிலாங்கூர் சுல்தான் மன்னிச்சு விட்டாரு. அதை வச்சுத்தான் இங்கிலீஷ் எழுத்தாளர் சாமர்செட் மாம் கதை எழுதி ரப்பர் தோட்டத்துக்குள்ள கொண்டுபோய் விட்டாரு. அந்தக் காலத்து தோட்டத்துல பால் வெட்டுன கை பெரும்பாலும் நம்ம தமிழாளுங்க கைதான், ஆனா படத்துல நம்மாளுன்னு சொல்லிக்க பேர் வச்ச ஒரு பாத்திரம் கிடையாது. மாம் கதையில செத்தவன் சேத்து வச்சிருந்தது ஒரு சீனப் பொண்ணு, சென்சாருக்காக படத்துல யுரேஷிய (வெள்ளைக்கார, ஆசியக் கலப்பு) பொண்டாட்டியா மாத்தி, கேல் சோண்டர்கார்டுங்கிற வெள்ளைக்கார நடிகைக்கு மேக்கப் போட்டு நிக்க வச்சாங்க. பார்வையிலயே மிரட்டுறாங்க, அதை மறுக்கல. வக்கீல் ஆபீஸ் கிளார்க்கா வர்ற விக்டர் சென் யங் நிஜ சீனர். அவரே சார்லி சான்னு ஒரு சீன டிடெக்டிவ் வர்ற ஹாலிவுட் படங்கள்ல சானோட மகனா வருவாரு, அப்பா சானா நடிச்ச சிட்னி டோலர் அசல் வெள்ளைக்காரர். மகன் சீனர், அப்பா வெள்ளைக்காரர், இந்த மர்மத்தை எந்த டிடெக்டிவும் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கல!

நம்ம படம் மட்டும் யோக்கியமா? புதிய பறவை எனக்கு உயிர், ஆனா அதுல சிங்கப்பூர்னா பணமும் கிளப் பாட்டும்தான், ஒரு கூலிக்காரர் மூஞ்சி எங்க தெரியுது?

படத்தை நிறுத்துங்கன்னு சொல்ல வரல. முடிஞ்ச உடனே லைட்டைப் போட்டு நாற்காலி அடுக்காம கால் மணி நேரம் பெரியவங்க கையில மைக்கை குடுங்க, அவ்வளவுதான். இதே சுங்கை சிப்புட்ல 1948 ஜூன் 16 மூணு வெள்ளைக்கார தோட்டத் துரைமாரை கம்யூனிஸ்டுங்க சுட்டுக் கொன்னதுல மலாயாவுல எமர்ஜென்சி, அதாவது அவசரநிலை, வந்துச்சு. புத்தகத்துல துரைங்க பேரெல்லாம் இருக்கு. பாட்டிக்கு அப்ப ஒம்பது வயசு. தோட்டத்து ஆளுங்க குடியிருந்த லயத்தைச் சுத்தி முள்ளுக்கம்பி போட்டதும், வேலைக்குப் போறப்ப கேட்ல நிறுத்தி சோத்துச் சட்டியைத் தொறந்து கிளறிப் பாத்ததும் அதுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. இதை விட நல்ல மர்மக் கதை எங்க கிடைக்கும்?

அடுத்த மாசம் 'அந்த நாள்'ங்கிற படத்தைப் போடுங்களேன், 1954ல வந்தது, பாட்டே இல்லாம எடுத்தது. அப்புறம் முன்வரிசையில முதுகு சாயுற நாற்காலி ஒண்ணு போட்டு வைங்க, பிளாஸ்டிக் ஸ்டூல்ல உக்காந்தா பாட்டிக்கு இடுப்பு புடிச்சுக்குது.