சீசன் தொடங்கிய இரண்டாவது வாரமே தீர்ப்பு எழுதும் அனிமே ரசிகர்களுக்கு

நண்பர்களே,

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். ஆண்டுக்கு நான்கு முறை ஜப்பானியத் தொலைக்காட்சியில் புது அனிமேக்கள், அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள், டஜன் கணக்கில் வந்து இறங்குகின்றன. இரண்டாவது வாரம் முடிவதற்குள் நம்மிடம் தீர்ப்பும் தயாராகிவிடுகிறது. "இந்த சீசனே வேஸ்ட்." "இந்த வருஷத்தோட பெஸ்ட் இதுதான், இனிமே எதுவும் வராது." "அனிமேஷன் படுமோசம், டிராப்." வாதாடுவது தப்பு என்று சொல்ல நான் எழுதவில்லை. ஒரு தொடர் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று ராத்திரி முழுக்கச் சண்டை போடும் கூட்டம் இருப்பது அந்தக் கலைக்குக் கிடைத்த பாக்கியம். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறேன். ஆனால் இப்போது நாம் போடும் சண்டையில் ஒரு மதிப்பெண் இருக்கிறது, ஒரு ஸ்டூடியோவின் பெயர் இருக்கிறது, ஒரு ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. என்ன பார்த்தோம், அதில் எது நம்மைத் தொட்டது, எது சறுக்கியது என்பது மட்டும் காணாமல் போகிறது. அது திரும்ப வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

மதிப்பெண்ணிலிருந்து தொடங்குகிறேன். முதல் எபிசோட் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். உங்கள் நேரம், உங்கள் உரிமை. பிடிக்காத ஒன்றைப் பன்னிரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் "எனக்கு ஒத்துவரவில்லை, நிறுத்திவிட்டேன்" என்று சொல்வது வேறு, முழுத் தொடருக்கும் பத்துக்கு இரண்டு போடுவது வேறு. முதலாவது உங்களைப் பற்றிய உண்மை. இரண்டாவது, நீங்கள் பார்க்காத பதினோரு எபிசோட்டைப் பற்றிய தீர்ப்பு.

மூன்று எபிசோட் வரை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நம்மிடையே ஒரு வழக்கம் உண்டு. அதற்குப் பலரும் சொல்லும் உதாரணம் 2011 ஜனவரியில் தொடங்கிய மடோகா மாஜிகா. இனிப்பான வண்ணங்களில் ஆரம்பித்த கதை மூன்றாம் எபிசோட்டின் முடிவில் தன் முகத்தைக் காட்டியது. நல்ல வழக்கம்தான். ஆனாலும் எல்லாத் தொடரும் மூன்றில் திறப்பதில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த ஸ்டைன்ஸ் கேட் முதல் பாதி முழுக்க நிதானமாக ஆட்களை அறிமுகப்படுத்திக்கொண்டே போகும். பன்னிரண்டாம் எபிசோட்டில்தான் கதை கழுத்தைப் பிடிக்கும். அந்தப் பிடி அவ்வளவு வலிப்பதற்குக் காரணம், அதற்கு முன்னால் நாம் பொறுமையாகச் செலவழித்த அந்தப் பதினொன்றுதான். 2021 ஏப்ரலில் வந்த ஆட் டாக்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வால்ரஸ் உருவத்தில் ஒரு டாக்ஸி ஓட்டுநர், பின் சீட்டில் ஏறுகிறவர்களோடு சும்மா பேசிக்கொண்டே போகிறார். தொடங்கியபோது பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. சும்மா பேசியது போல் இருந்த பல வரிகள் பின்னால் முடிச்சுகளாக மாறுகிற விதத்தைப் பார்த்தவர்கள்தான் ஒருவருக்கொருவர் சொல்லி அதை மேலே கொண்டுவந்தார்கள்.

அவசரப்பட்டுத் தூக்கிவைப்பதும் இதே தவறுதான், இதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. 2021 ஜனவரியில் வொண்டர் எக் பிரையாரிட்டி தொடங்கியபோது அதன் படமும் வண்ணமும் பார்த்து நாம் மயங்கினோம், தலைசிறந்த படைப்பு என்று அப்போதே எழுதிவிட்டோம். எட்டாவது எபிசோட் பழைய காட்சிகளின் தொகுப்பாக வந்தது. அதனால் முடிவு ஜூன் மாதம் தனிச் சிறப்பு எபிசோடாகத் தள்ளிப்போனது. வந்தபோது, எழுப்பிய கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் தொடர் நின்றது. 2024இல் உசுமாகி வந்தது. மொத்தமே நான்கு எபிசோட். முதல் எபிசோட்டின் கறுப்பு வெள்ளைக் கோடுகளைப் பார்த்து அத்தனை பேரும் எழுந்து நின்றோம். அடுத்த வாரம் அதே தொடரா என்று கேட்கும் அளவுக்குத் தரம் விழுந்தது. முதல் எபிசோட் என்பது பெரும்பாலும் ஒரு தொடருக்கு அதிக நேரம் கிடைத்த எபிசோட். அதை வைத்துப் பாராட்டுவதும் பாதிப் பேச்சுதான்.

வரலாறும் நம் அவசரத்துக்குச் சாதகமாக இல்லை. 1974 அக்டோபரில் விண்வெளிப் போர்க்கப்பல் யமாதோ ஒளிபரப்பாகத் தொடங்கியபோது, அதே நேரத்தில் வேறு சேனலில் ஹைடி ஓடிக்கொண்டிருந்தது. யமாதோவுக்குப் பார்வையாளர்கள் சேரவில்லை. திட்டமிட்டதைவிடச் சுருக்கி 26 எபிசோட்டில் முடித்தார்கள். மூன்று ஆண்டு கழித்துத் தொகுத்துத் திரைப்படமாக வந்தபோது, அரங்கத்தின் முன்னால் இளைஞர்கள் வரிசை கட்டினார்கள். 1979இல் வந்த முதல் 'கண்டம்' (Gundam) ரோபோ தொடருக்கும் இதே கதிதான். 52 எபிசோட்டுக்குத் திட்டமிட்டதை 43இல் நிறுத்தினார்கள். மறுஒளிபரப்பிலும், பொம்மை மாடல்களாலும், 1981இல் தொடங்கிய தொகுப்புத் திரைப்படங்களாலும்தான் அது இன்று நாம் அறிந்த கண்டம் ஆனது. அந்த இரண்டு தொடர்களையும் முதல் சில மாதக் கணக்கை வைத்து மட்டும் மதிப்பிட்டிருந்தால் விண்வெளி அனிமேயும் ரோபோ அனிமேயும் இன்றைக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். நிறுத்தியவர்களின் கணக்கு அன்றைய பார்வையாளர் எண்ணிக்கை. நமக்கு அப்படி ஒரு நெருக்கடியும் இல்லை. பிறகு ஏன் நாம் அவர்களைவிட வேகமாக முடிவெடுக்கிறோம்?

சரி, இப்போது என்னை அதிகம் உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கிரீன்ஷாட்.

ஒரு சண்டைக் காட்சியின் நடுவில் நிறுத்தி, முகம் கோணலாக இருக்கும் ஒரு பிரேமைப் பிடித்து, "இதுதான் இந்த சீசனின் அனிமேஷன் தரம்" என்று பகிர்கிறோம். ஆயிரக்கணக்கானோர் சிரிக்கிறார்கள். அந்தப் படம் எப்படி உருவானது என்று ஒரு நிமிடம் பாருங்கள். ஒரு நொடிக்கு 24 பிரேம். 1963இல் அஸ்ட்ரோ பாய் தொடங்கிய காலத்திலிருந்தே தொலைக்காட்சி அனிமேயில் பெரும்பாலும் ஒரு ஓவியத்தை மூன்று பிரேமுக்கு நிறுத்துவார்கள். அப்படியென்றால் நொடிக்கு எட்டு ஓவியம். வேகமான அசைவில் அந்த எட்டில் ஒன்றை வேண்டுமென்றே இழுத்து, நீட்டி, சிதைத்து வரைவார்கள், கண் அதை ஓட்டமாக உணர்வதற்காக. நொடியில் எட்டில் ஒரு பங்கு மட்டும் வாழ வேண்டிய ஓவியத்தை நீங்கள் பிடித்து நிறுத்தி அழகில்லை என்கிறீர்கள். ஓடுகிறவனை நடுவில் படம் பிடித்து, இவனுக்கு நிற்கத் தெரியவில்லை என்று சொல்வது போல.

2010இல் நருடோ ஷிப்புடென்னின் 167ஆம் எபிசோட்டுக்கு இதுதான் நடந்தது. நாயகன் நருடோவும் எதிரி பெய்னும் மோதும் காட்சிகளில் உடல்கள் ரப்பர் போல வளைகின்றன. நிறுத்திப் பார்த்தால் விசித்திரமாகத்தான் இருக்கும். ஓடவிட்டுப் பாருங்கள், அந்த அடியின் கனம் உங்கள் மேல் விழும். அந்த எபிசோட் பல ஆண்டுகளுக்கு மோசமான அனிமேஷனின் உதாரணமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 2007இல், குர்ரென் லகானின் நான்காம் எபிசோட்டை இயக்கிய கோபயாஷி ஒசாமு வேறு பாணியில் கோடுகளை இழுத்தார். முந்தைய மூன்று எபிசோட்டின் தோற்றம் இல்லை என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அதைத் தயாரித்த கெய்னாக்ஸ் ஸ்டூடியோவின் உள்ளிருந்தவர்கள் அந்த ரசிகர்களைத் திருப்பித் திட்டினார்கள். கடைசியில் தயாரிப்புப் பொறுப்பில் இருந்த அகாய் தகாமி பதவி விலகும்வரை போனது. இரண்டு பக்கமும் காயம்பட்டது. அந்த எபிசோட் சோம்பேறித்தனம் அல்ல, ஒரு கலைஞனின் கை என்று இன்று பார்ப்பவர்களுக்குப் புரிகிறது. 2014இல் யுவாசா மாசாகி இயக்கிய பிங் பாங்கின் நடுங்கும் கோடுகளை அசிங்கம் என்று ஒதுக்கியவர்களும் நம்மில் உண்டு. பதினொரே எபிசோட்தான். ஒதுக்கியவர்கள் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன்.

ஒரு காட்சி உண்மையிலேயே மோசமாக இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். அசைய வேண்டிய இடத்தில் நிலைப்படத்தைக் கேமரா நகர்த்திக் காட்டுகிறார்களா, ஒரே முகம் ஷாட்டுக்கு ஷாட் மாறுகிறதா, சண்டையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்றே புரியவில்லையா, அதை அப்படியே எழுதுங்கள். முதல் குறை நேரமின்மையைக் காட்டலாம். இரண்டாவது, ஓவியங்களைத் திருத்திச் சீராக்கும் அனிமேஷன் இயக்குநருக்கு அவகாசம் கிடைக்காததைக் காட்டலாம். மூன்றாவது பெரும்பாலும் ஸ்டோரிபோர்டில், அதாவது காட்சிகளை முன்கூட்டியே படம் படமாகத் திட்டமிடும் கட்டத்தில், பிறந்த குறை. எவ்வளவு நன்றாக வரைந்தாலும் அது சரியாகாது. இந்த மூன்றையும் "அனிமேஷன் குப்பை" என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் நாம் சொல்லவந்தது யாருக்கும் போய்ச் சேராது.

ஸ்டூடியோ பெயரை வைத்துப் பந்தயம் கட்டுவதும் இதே ரகம். ஒன் பஞ்ச் மேன் 2015இல் மேட்ஹவுஸில் வந்தது, 2019இல் இரண்டாம் சீசன் ஜே.சி. ஸ்டாஃபுக்குப் போனது, தரம் இறங்கியது. உடனே ஒரு ஸ்டூடியோ கோயில், இன்னொன்று குப்பைத்தொட்டி என்று நாம் எழுதிவைத்துக்கொண்டோம். ஆனால் முதல் சீசனை அப்படி ஆக்கியது கட்டடத்தின் மேல் இருந்த பெயர்ப்பலகை இல்லை. இயக்குநர் நட்சுமே ஷிங்கோவை நம்பி வந்து சேர்ந்த எந்த ஸ்டூடியோவின் ஊழியராகவும் இல்லாத ஃப்ரீலான்ஸ் அனிமேட்டர்கள். அனிமேயில் ஆட்கள் தொடருக்குத் தொடர் மாறுகிறார்கள். எபிசோட்டுக்கு எபிசோட் கூட மாறுகிறார்கள். எண்டிங் பாட்டின் மேல் ஓடும் பெயர்களைத் தாண்டிக் குதிக்காமல் ஒருமுறை படித்தாலே இது தெரியும். யார் ஸ்டோரிபோர்டு போட்டார், யார் அந்த எபிசோட்டை இயக்கினார் என்று தெரிந்துகொண்டு பேசுகிற ரசிகர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், அவர்களோடு வாதாடுவது ஒரு தனி இன்பம்.

தொடருக்கு மூலமான மாங்காவை (ஜப்பானியக் காமிக்ஸை) முன்பே படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை மட்டும். அடுத்து என்ன வரும் என்பதை வைத்து இந்த வாரத்தைத் தள்ளுபடி செய்யாதீர்கள், "பொறு, அப்புறம் சூப்பரா இருக்கும்" என்று சொல்லி இந்த வாரத்தின் குறையை மூடவும் செய்யாதீர்கள். திரையில் இருப்பதைப் பேசுவோம்.

நல்ல சண்டை எப்படி இருக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 2022இன் செயின்சா மேன். தயாரிப்புச் செலவு முழுவதையும் மாப்பா ஸ்டூடியோ தானே போட்டது. பன்னிரண்டு எபிசோட்டுக்குப் பன்னிரண்டு வேறு எண்டிங் பாடல். உழைப்பில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ரசிகர்கள் பிளந்தார்கள். மாங்காவின் முரட்டு வேகமும் கிறுக்குத்தனமும் அடங்கிப்போய், எல்லாம் நிதானமான திரைப்படம் போல் ஆகிவிட்டது என்றார்கள் ஒரு சாரார். அந்த நிதானத்தில்தான் கதையின் நாயகனான பையனின் வெறுமை தெரிகிறது என்றார்கள் மறு சாரார். நான் இரண்டாவது பக்கம். ஆனால் முதல் பக்கத்தின் வாதத்தைக் கேட்ட பிறகு எனக்கு அந்தத் தொடரில் முன்பு தெரியாத பல தெரிந்தன. இயக்குநர் எடுத்த ஒரு முடிவைப் பற்றி, காட்சிகளைச் சுட்டிக்காட்டி, இரண்டு பக்கமும் பேசிய சண்டை அது. மதிப்பெண் பட்டியலில் தங்களுக்குப் பிடித்ததை மேலே நிறுத்துவதற்காக இன்னொன்றுக்குப் பத்துக்கு ஒன்று போடுகிறவர்கள் அந்தச் சுவையை அறியவே மாட்டார்கள். அவர்களைத் தயவுசெய்து நிறுத்தச் சொல்கிறேன். பார்க்காத தொடருக்குப் போடும் ஒன்று, அதைத் தேடி வரும் புதியவர்களிடம் சொல்லும் பொய்.

கடைசியாக, கோபம் யார் மேல் போகிறது என்பது. அனிமேக்கள் பெரும்பாலும் தயாரிப்புக் குழு முறையில் உருவாகின்றன. பதிப்பகம், தொலைக்காட்சி, இசை நிறுவனம், பொம்மை நிறுவனம் என்று பலர் சேர்ந்து பணம் போடுவார்கள், லாபத்தையும் பங்கிடுவார்கள். குழுவில் பங்கு இல்லாத ஸ்டூடியோவுக்குப் பேசிய தொகை மட்டும்தான். ஒளிபரப்புத் தேதி முன்பே குறித்தாகிவிடும். அதற்குள் முடிக்க வேண்டியது வரைகிறவர்களின் தலைமேல். இடைப்பட்ட அசைவுகளை வரையும் புதியவர்களுக்குப் பல இடங்களில் இன்னும் தாள் கணக்கில்தான் கூலி. ஒரு எபிசோட் சரியில்லை என்றால் அவர்களின் சமூக ஊடகக் கணக்குகளைத் தேடிப்போய் வசைபாடுகிறோம். தேதி வைத்தவரின் பெயர் நமக்குத் தெரியவே தெரியாது. அனிமேட்டரையோ இயக்குநரையோ நேரில் போய்த் திட்டும் பழக்கத்தை நம் கூட்டம் முழுவதுமாக விட வேண்டும். இதில் எனக்குச் சமரசம் இல்லை.

தாமதத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். சோம் 100 2023 ஜூலையில் அட்டகாசமாகத் தொடங்கி, இடையிடையே நின்று, அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில்தான் முடிந்தது. நாம் முணுமுணுத்தோம். எய்ட்டி சிக்ஸ் தொடரின் கடைசி இரண்டு எபிசோட் 2022 மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. அந்த இரண்டையும் பார்த்தவர்களிடம் கேளுங்கள், காத்திருந்தது பாரமாக இருந்ததா என்று. இந்த சீசனிலும் ஏதாவது ஒரு தொடர் "தயாரிப்புச் சூழ்நிலை காரணமாக" ஒரு வாரம் தள்ளிப்போகும். அறிவிப்பு வந்ததும் கீழே முதல் ஆளாகப் போய், நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், காத்திருக்கிறோம் என்று எழுதுங்கள். எபிசோட் வந்த பிறகு சரியில்லை என்றால், காட்சியைச் சொல்லிச் சண்டைக்கு வாருங்கள். நான் தயாராக இருப்பேன்.

அன்புடன்,
உங்களோடு வாராவாரம் பார்க்கும் ஒரு ரசிகை