மழைக் கணக்கு

சுங்கை சிப்புட், மலேசியா

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பிய பொருளாதாரக் கட்டுரை மறுபடியும் திரும்பி வந்துவிட்டதாம், அம்மா சொன்னாள். ஆறு வருஷத்துக்குள் வேலை நிரந்தரமாகாவிட்டால் வேறு பல்கலைக்கழகம் தேட வேண்டுமாமே? நான் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தில் இவ்வளவு காலமெல்லாம் தரமாட்டார்கள், இவளுக்கு ஆறு வருஷம் கொடுக்கிறார்களே என்று சொல்லி அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன தடவை வந்தபோது டேவிட் கார்ட், ஆலன் குரூகர் என்ற பொருளாதார நிபுணர்கள் கதை சொன்னாயே. 1992-இல் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆனது, பக்கத்துப் பென்சில்வேனியாவில் ஏறவில்லை. இரண்டு பக்கமும் 410 துரித உணவுக் கடைகளை விசாரித்தார்கள். கூலி ஏறியதால் வேலையாட்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நிரை ரப்பர் மரம், அந்தப் பக்கம் ஒரு நிரை, மண்ணும் மழையும் ஒன்று என்று எனக்கு உடனே பிடிபட்டது. 2013-இல் இங்கே குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 900 வெள்ளி (ரிங்கிட்) என்று வந்தபோது, இனி வேலையே இருக்காது என்று கோப்பிக் கடையில் எத்தனை பேச்சு! கார்டுக்கு நோபல் வர 2021 ஆனது. குரூகர் அதற்குள் இறந்துபோய்விட்டார், பாவம்.

ஆனால் நிரைகளும் ஒன்றுபோல இருப்பதில்லை, அம்மா. நான் ஸ்டோர் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவனாக, இருந்தபோது மரம் வெட்டும் ஓர் அக்காவுக்குத் தினமும் ரப்பர் பால் குறைவு. சோம்பேறி என்றார் வேலையை மேற்பார்க்கும் தண்டல். புத்தகத்தில் கிலோவைப் பார்த்து நானும் தலையாட்டினேன். ஒரு நாள் அந்த அக்கா என்னைக் கூட்டிப்போய்த் தன் மரங்களைக் காட்டினார். பட்டை முழுக்க முடிச்சு, பழைய வெட்டுக் காயம்; பால் பிடிக்கும் மங்கின் (கிண்ணத்தின்) அடியில் விரற்கடைப் பால். கிழட்டு மரங்களைக் கொடுத்துவிட்டு ஆளைக் குறை சொல்லியிருக்கிறோம். மரத்தின் வயதை எழுதப் புத்தகத்தில் கட்டமே இல்லை. இப்படிக் கணக்கில் சேராமல் போன காரணத்தைத்தான் நீ 'விடுபட்ட மாறி' என்கிறாய். கட்டுரையைப் படித்தவர் அந்த மாதிரிக் கேள்வி கேட்டிருந்தால் கோபப்படாமல் இன்னொரு முறை பார்.

அப்புறம், தோட்டத்து மழைக் கணக்குக் கேட்டாயே, பழைய நோட்டைத் தேடி எடுத்துவிட்டேன். படம் எடுத்து அனுப்புகிறேன். ஒன்று கவனி: ஞாயிற்றுக்கிழமை எல்லாம் 0 என்றிருக்கும். மழை பெய்யாமல் இல்லை, அன்று அளக்க ஆள் வரமாட்டான். திங்கட்கிழமைக் கணக்கில் இரண்டு நாள் மழை இருக்கிறது.

அப்பா