முதல் ஊசிக்கு முன்னால் கல்ச்சர்

தில்லி மருத்துவமனைகளில் ரெசிடென்ட்டாக இருக்கும் தமிழ் டாக்டர்களுக்கு,

வணக்கம். நான் இங்கே ஒரு மருத்துவமனையின் மைக்ரோபயாலஜி லேபில் டெக்னீஷியன். நடுராத்திரியில் போன் செய்து, "அண்ணா, ஏதாவது வளர்ந்திருக்கா?" என்று தமிழில் கேட்கிறீர்களே, அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கிறது என்று சந்தேகம் வந்தால், ஆன்டிபயாடிக்கின் முதல் ஊசிக்கு முன்னால் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) ரத்தம் எடுத்துவிடுங்கள். சொல்ல வந்தது இவ்வளவுதான். நீங்கள் படிக்காததா? ஆனால் எங்களுக்கு வரும் படிவத்தில் 'மெரோபெனம், 2ஆம் நாள்' என்று இருக்கிறது. அதாவது அந்தக் கடுமையான ஆன்டிபயாடிக்கை ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டீர்கள். பாட்டிலில் 3 மில்லிகூடத் தேறுவதில்லை. பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி வேண்டும். இரண்டு இடங்களில் குத்தி எடுக்க வேண்டும். ("ரெண்டு பாட்டில் ரத்தமா!" என்று உறவினர்கள் பதறுவார்கள். பாட்டிலைக் காட்டிவிட்டால் சரியாகிவிடும்.) ஒரே பாட்டில் வந்து, அதில் தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வளர்ந்தால், நோய்க்கிருமியா, ஊசியோடு ஒட்டி வந்ததா என்று நாங்கள் எதை வைத்துச் சொல்வது? நீங்களும் எதற்கு வம்பு என்று அதற்கும் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதிவிடுகிறீர்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் கணக்கில் இருக்கிறது. கல்ச்சருக்கு யாருடைய ரத்தம் வருகிறது? வெளி கிளினிக்கில் ஏதோ மாத்திரை விழுங்கி, இங்கே வழக்கமான ஆன்டிபயாடிக்கான செஃப்ட்ரியாக்ஸோன் போட்டும் காய்ச்சல் இறங்காதவர்களுடையது. சாதாரண மருந்துக்குக் கேட்கிற கிருமி எங்கள் தட்டுவரை வருவதே இல்லை. மிச்சமிருப்பதை எண்ணித்தான் 'க்ளெப்சியெல்லா கிருமியில் இத்தனை சதவீதம் கார்பபெனத்துக்கு (மெரோபெனம் சேர்ந்த மருந்து வகைக்கு) கேட்கவில்லை' என்று போடுகிறோம். அதைப் பார்த்து நீங்கள் முதல் நாளே மெரோபெனத்தில் ஆரம்பிக்கிறீர்கள். அப்புறம் அந்தச் சதவீதம் நிஜமாகவே ஏறுகிறது.

எல்லாமே கணக்குப் பிழை என்று சொல்லவில்லை. இதே தில்லியில் 3 பெரிய மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளை 2011 முதல் 2014 வரை கவனித்தார்கள். வெளியே எந்த மாத்திரையும் சாப்பிட வாய்ப்பில்லாத சிசுக்கள். கல்ச்சரில் வளர்ந்த அசினெட்டோபாக்டர் என்ற கிருமியில் 82 சதவீதமும் க்ளெப்சியெல்லாவில் 54 சதவீதமும் பல வகை மருந்துகளுக்குக் கேட்காதவை. நிலைமை அவ்வளவு மோசம் என்பதால்தான் குத்துமதிப்பாக மருந்து கொடுப்பது ஆபத்து என்கிறேன். மருந்தைச் சிதைக்கிற, நம் ஊர்ப் பெயரைச் சுமக்கும் என்.டி.எம் (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) நொதி கிருமியிடம் இருந்தால் செஃப்டாஸிடிம்-அவிபாக்டம் மருந்து தனியாக எடுபடாது, அஸ்ட்ரியோனாமும் சேர வேண்டும். கோலிஸ்டின் என்றால் சிறுநீரகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எந்த நொதி என்று நாங்கள் சொல்ல, கிருமி முதலில் வளர்ந்தாக வேண்டுமே.

ஷாக்கில் (ரத்த அழுத்தம் சரிந்த நிலையில்) இருப்பவருக்கு மருந்தைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. ஊசி கலக்குகிற நேரத்தில் ரத்தம் எடுத்துவிடலாம். சாதாரண மருந்துக்கே கேட்கும் என்று ரிப்போர்ட் வந்தால், அன்றைக்கே மெரோபெனத்தை நிறுத்தி அதற்கு மாற்றுங்கள். வார்டில் பாட்டில் இல்லை என்பதுதான் பாதி நேரம் காரணம் என்று எனக்கும் தெரியும். லேபுக்கு ஆள் அனுப்புங்கள், ராத்திரியிலும் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீஷியன்