அப்பா கண்ணுல ஒண்ணுமில்லடா

மாப்ள,

நல்லாருக்கியா, தங்கச்சி புள்ளைங்க எல்லாம் சௌக்கியமா. போன் பண்ணா நீ எடுக்க மாட்ட, எடுத்தாலும் மீட்டிங்னுவ, அதான் எழுதுறேன். பாண்டிக்கு ஒருவழியா பொண்ணு அமைஞ்சிருச்சு, அந்தக் கொடைக்கானல் கதைய மட்டும் பொண்ணு வீட்ல எடுத்துறாத, கெஞ்சிக் கேட்டான்.

சரி விஷயத்துக்கு வரேன். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆச்சுல்ல, நல்லா பாக்கட்டும்னு 43 இஞ்ச் 4கே டிவி வாங்கி லேப்டாப்போட மாட்டிக் குடுத்தோம். இ-பேப்பர் படிக்க, அப்புறம் வாட்சப்ல சித்தப்பாவோட சண்டை போட. கொஞ்ச நாள்ல மனுசன் அமைதியாயிட்டாரு. சண்டையே இல்ல! எனக்கு அதான் பயமா போச்சு. அம்மாட்ட மட்டும் சொல்லிருக்காரு, எழுத்தெல்லாம் மசமசன்னு இருக்கு, கருப்பு சாம்பலாத் தெரியுது, ஆபரேஷன் சரியா ஆகல போல, பையன் அவ்ளோ செலவு பண்ணானே எப்படிச் சொல்றதுன்னு. கேட்டதும் நெஞ்சு அடைச்சிருச்சுடா. டாக்டர்ட்ட போனா கண்ணு பிரமாதமா இருக்குங்கறாரு, இவரு நம்பல.

ஊருக்குப் போய் முதல் வேலையா டிவியில தெரியுறத ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் போனுக்கு அனுப்பி அவர் கையில குடுத்தேன். அவ்ளோ பொடி எழுத்த கடகடன்னு வாசிக்கிறாரு! அப்ப கண்ணும் சரி, லேப்டாப் வரையுற படமும் சரி, அதுக்கப்புறம் டிவிக்குப் போற வழியிலதான் எங்கயோ கோளாறு.

யாரோ நல்லவன் எழுத்து பெருசாத் தெரியட்டும்னு ரெசல்யூஷன, அதான் திரையில எத்தன புள்ளிங்கறத, 1366 x 768க்கு இறக்கி வச்சிருக்கான். அத இழுத்து 4கே-க்கு நிரப்பினா மசமசன்னுதான இருக்கும். ரெசல்யூஷன் 3840 x 2160லயே இருக்கணும், எழுத்த பெருசாக்க ஸ்கேல 200% வைக்கணும், ரெண்டும் வேற வேறடா. மாத்தும்போது திரை கருப்பாப் போச்சு, அப்பா 'போச்சுடா'ன்னு எந்திரிச்சிட்டாரு. விண்டோஸ் கேக்குற கீப் சேஞ்சஸ் அழுத்தலன்னா 15 செகண்டுல அதுவா பழையபடி வந்துரும், கைய கட்டிட்டு இருந்தா போதும்.

டாஸ்க்பாரும் பாதி வெட்டுப்பட்டிருந்துச்சு, அது ஓவர்ஸ்கேன், டிவி படத்தக் கொஞ்சம் பெருசாக்கி ஓரத்த வெட்டிரும், டிவி மெனுல அணைச்சேன். சாம்பல் கருப்புக்குக் காரணம், கருப்புலருந்து வெள்ளை வரைக்கும் லேப்டாப் 16லருந்து 235னு நம்பர் போட்டு அனுப்புது, டிவி 0 டு 255னு எதிர்பாக்குது. கிராபிக்ஸ் செட்டிங்ஸ்ல ஃபுல்லுன்னு மாத்தினதும் கருப்பு கருப்பாச்சு.

அப்பவும் சிவப்பு எழுத்து மட்டும் ஓரத்துல கசியுது. அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேல பாத்தா கலர் ஃபார்மட் 4:2:0ன்னு காட்டுது. அதாவது வெளிச்சம் புள்ளிக்குப் புள்ளி போகுது, கலர் மட்டும் நாலு புள்ளிக்குச் சேத்து ஒண்ணு, படம் பாக்கறப்ப தெரியவே தெரியாது, மெல்லிசான எழுத்துல மானத்த வாங்கிரும். டிவியில அந்த ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்கு முழு வேகத்த ஆன் பண்ணி, கேபிளயும் மாத்தி, 60 ஹெர்ட்ஸ்ல ஆர்ஜிபி, அதாவது கலரும் புள்ளிக்குப் புள்ளி கிடைச்சதும் அப்பா ஒரு கண்ண மூடி பாத்தாரு, அடுத்த கண்ண மூடி பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, சித்தப்பாவுக்கு ரெண்டு பக்கம் டைப் பண்ண ஆரம்பிச்சிட்டாரு.

உன் லேப்டாப் திரை துடிக்குதுன்னியே, கடைக்காரன் பேனல் போச்சுன்னதும் காச நீட்டிறாத. டாஸ்க் மேனேஜர தெற. அதுவும் சேந்து துடிச்சா பெரும்பாலும் திரைய ஓட்டுற டிஸ்ப்ளே டிரைவர் சாஃப்ட்வேர்தான், டிவைஸ் மேனேஜர்ல ரோல் பேக் பண்ணி பழைய டிரைவருக்கே போயிரு. அது மட்டும் ஆடாம நின்னா ஏதோ ஒரு ஆப்புதான் வேலைய காட்டுது. வெளி மானிட்டர் ஒண்ண மாட்டிப் பாரு, அதுல துடிக்கலன்னா அப்புறம் பேனலையோ உள்ள இருக்க கேபிளையோ சந்தேகப்படலாம். என்ன ஆச்சுன்னு மெசேஜ் போடு, பாண்டி கல்யாணத்துக்கு டிக்கெட்டும் போடு, கடைசி நேரத்துல வெயிட்டிங் லிஸ்ட்னு கத விட்ட, நடக்கறதே வேற.

உன் மாப்ள