காற்றழுத்தத்துக்கு மூடி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

மூடிய கலம் இல்லாமல் வாயுவுக்கு அழுத்தமே இருக்க முடியாது, ஆகவே பூமிக்கு மேலே கூரை ஒன்று இருந்தாக வேண்டும் என்று வாதிடும் காணொளி ஒன்று அண்மையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வலம்வந்தது. பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போனார்கள். படித்த பெரியவர்கள்தாம் “கேட்பது நியாயம்தானே” என்றார்கள்.

கேள்வி நியாயமானதுதான், அதற்கு அந்தக் காணொளி சொல்லும் விடைதான் தவறு. எரிவாயுக் கலனில் வாயுவை அடக்கி வைத்திருப்பது அதன் சுவர். வளிமண்டலத்தில் அந்த வேலையைப் புவியீர்ப்பு செய்கிறது. கடல் மட்டத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது நிற்கும் காற்றின் நிறை ஏறக்குறைய 10 டன். அதன் எடையைத்தான் நாம் காற்றழுத்தமாக அளக்கிறோம்.

சுவரின் நெருக்கல் மட்டுமே அழுத்தத்துக்குக் காரணம் என்றால், மேலும் கீழும் அழுத்தம் ஒன்றாகவே இருக்க வேண்டும். அப்படி இல்லை என்பது 1648ஆம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கேட்டுக்கொண்டபடி அவருடைய மைத்துனர் பெரியே, பிரான்சின் புய் டி டோம் மலைமீது, காற்றழுத்தத்தைக் காட்டும் பாதரசக் குழாயுடன் ஏறினார். உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்குமேல் இறங்கியிருந்தது; அடிவாரத்தில் ஒருவரைக் காவல் வைத்துவிட்டுச் சென்ற மற்றொரு குழாயிலோ நாள் முழுதும் மாற்றமே இல்லை.

சிங்கப்பூரில் இதற்கு மலை தேட வேண்டியதில்லை. காற்றழுத்த உணரி உள்ள கைப்பேசியுடன் டக்ஸ்டனில் உள்ள 50 மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடத்தின் மின்தூக்கியில் ஏறினால், தரைத்தளத்தில் 1,010 ஹெக்டோபாஸ்கலை (காற்றழுத்த அலகு) ஒட்டி நிற்கும் எண், உச்சிக்குப் போவதற்குள் ஏறத்தாழ 17 குறைந்துவிடும். கீழ்த்தளமும் திறந்தவெளி, உச்சியில் அடுக்குகளை இணைக்கும் பாலமும் திறந்தவெளி. இரண்டுக்கும் நடுவே எந்தத் தடுப்பும் கிடையாது.

அருகில் வெற்றிடம் இருந்தால் காற்று அங்கே பாய்ந்துவிடாதா என்பது அடுத்த கேள்வி. வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை. தவிர, காற்று முடிந்து வெற்றிடம் தொடங்கும் கோடு என்று ஒன்றும் இல்லை. சுமார் 5.5 கிலோமீட்டர் உயரத்தில் பாதியாகும் அழுத்தம், 100 கிலோமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. பூமியை விட்டுத் தப்ப நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். நம் அறைக் காற்றிலுள்ள நைட்ரஜன் மூலக்கூறுகளின் சராசரி வேகமோ நொடிக்கு அரை கிலோமீட்டர் அளவுதான். எடை குறைந்த ஹைட்ரஜனும் ஹீலியமும் இன்றும் சிறிது சிறிதாக விண்வெளிக்குக் கசிந்துகொண்டிருக்கின்றன. பூமிக்குக் கூரை போடுபவர்கள் இந்தக் கசிவுக்கும் காரணம் சொல்லியாக வேண்டும்.

இப்படிக்கு,
தோ பாயோ வாசகர்